திருவனந்தபுரத்தில் பொழுது சாய்ந்த பிறகு: குடும்பத்தோடு இரண்டு ராத்திரி எங்கே போகலாம்?

கேட்டவர்: திருவையாறு டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் திருவையாறு. வேலை மார்த்தாண்டத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில். இங்கே குடி வந்ததிலிருந்து திருவனந்தபுரம் எனக்குப் பகல் ஊராகவே இருக்கிறது. கண் டாக்டரைப் பார்க்கப் போவோம், துபாயிலிருந்து வருகிற தம்பியைக் கூட்டி வரப் போவோம், சாலை பஜாரில் வெண்கல உருளி வாங்கப் போவோம். வெயில் தாழ்ந்ததும் தம்பானூரில் பஸ் ஏறிவிடுவோம். பாறசாலை வரும்போது இருட்டிவிடும். அந்த ஊரில் விளக்குப் போட்ட பிறகு என்ன நடக்கிறது என்று எனக்குச் சுத்தமாகத் தெரியாது.

வருகிற பூஜை லீவில் இரண்டு ராத்திரி அங்கேயே ரூம் எடுத்துத் தங்கலாம் என்று வீட்டில் பேசி முடிவாகியிருக்கிறது. நான், வீட்டுக்காரர், ஏழாவது படிக்கிற மகள், மாமனார். மாமனாருக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டி வலி உண்டு, சுத்த சைவம், கச்சேரி என்றால் சோறு தண்ணி வேண்டாம். மகளுக்குக் கடலும் கலர் லைட்டும் போதும். வீட்டுக்காரர் எந்த ஊர் போனாலும் அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற கடையைத் தேடிப் போகிறவர். எனக்கு ஒரே ஒரு ஆசை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு நல்ல ஊர்த் தெருவில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் இல்லாமல் நடக்கணும்.

மியூசியம், மிருகக்காட்சி சாலை எல்லாம் பகலில் பார்த்தாகிவிட்டது. அந்தி சாய்ந்ததிலிருந்து படுக்கப் போகிற வரைக்கும் என்ன பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம், பெண்பிள்ளையோடு எவ்வளவு நேரம் வெளியே இருக்கலாம்? அங்கே ராத்திரியில் இருந்து பழகினவர்கள் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

பதில்: கழக்கூட்டம் தம்பி

அக்கா, நான் நாகர்கோவில், வேலை டெக்னோபார்க்கில். பாப்பாவுக்கு லுலு மால் பிடிக்கும், ஆக்குளம் பைபாஸ்ல இருக்கு, 2021 டிசம்பர்ல திறந்தது. ராத்திரி நடக்கணும்னா மானவீயம் வீதி. ஒரு நாள் சாயங்காலம் கோவளம் போயிட்டு வந்துடுங்க. கேரள அரசு பஸ் கம்பெனி கேஎஸ்ஆர்டிசி 2022லேர்ந்து மேல்கூரை இல்லாத டபுள் டெக்கர் பஸ் விடுறாங்க, சாயங்கால டிரிப்பும் உண்டு, கிழக்கே கோட்டையில ஏறணும். லீவு நாள்ல சீட்டு சீக்கிரம் போயிடும், முன்னாடியே பதிவு பண்ணிடுங்க. மாடியில உக்காந்து பாத்தா பாளையம், செக்ரட்டேரியட் எல்லாம் வேற மாதிரி தெரியும். கச்சேரி சமாச்சாரம் எனக்குத் தெரியாது, பெரியவங்க யாராவது சொல்லுவாங்க.

பதில்: சாலைக்காரன்

டீச்சர், நான் களியக்காவிளை. பத்தாம் கிளாஸ் முடிஞ்ச கையோட சாலை பஜாரில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கெழுத வந்தவன். கடைக்கு மேலே இருந்த மச்சுலதான் பல வருஷம் படுக்கை. இப்ப ஊர்ல சொந்தமாட்டு கடை இருக்கு, ஆனாலும் சரக்கெடுக்க நானேதான் போவேன். மத்தியானமே வேலை தீர்ந்தாலும் ராத்திரி அங்க ஒரு சுற்று சுத்தாம வண்டி ஏற மாட்டேன். அவ்வளவு இஷ்டம் அந்த ஊர் மேல. அதனால கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லுறேன். திருவனந்தபுரத்துக்கு ராத்திரி பார்க்கப் போறவங்க எந்த இடம்னு கேக்குறாங்க. எந்தத் தேதின்னுதான் கேக்கணும். சும்மா ஒரு செவ்வாக்கிழமை போனீங்கன்னா ஒன்பது, ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்கிரும், பத்தரைக்கு எம்.ஜி. ரோட்டில ஆட்டோவும் போலீஸ் ஜீப்பும்தான். அதே ரோடு ஓண வாரத்தில கவடியார் முதல் மணக்காடு வரைக்கும் விளக்கு மாலை போட்டு, பாதி ராத்திரியிலும் கைக்குழந்தையோட ஜனம் நடக்கும். அப்ப கையை வீசி நடக்க இடம் கிடைக்காது. பஞ்சாங்கத்தைப் பாத்துட்டு ரூம் போட்டா இந்த ஊர் ராத்திரியைப் போல ஒண்ணு தெற்குச் சீமையில வேற எங்கயும் எனக்குக் கிடைச்சதில்ல.

நீங்க எடுத்திருக்கிற தேதி நல்ல தேதி. உங்க மாமனாருக்காகவே வச்ச தேதின்னு சொல்லணும். நவராத்திரி ஒன்பது நாளும் கோட்டைக்குள்ள நவராத்திரி மண்டபத்தில சாயங்காலம் ஆறு மணிக்கு கச்சேரி தொடங்கி எட்டரைக்கு முடியும். குதிரைமாளிகை அரண்மனையை ஒட்டி, பத்மநாபசாமி கோயிலுக்குத் தெற்கே. ஒவ்வொரு நாளைக்கும் இந்த ராகத்தில இந்தக் கீர்த்தனைன்னு சுவாதித் திருநாள் மகாராஜா இயற்றி வச்சது. முதல் நாள் சங்கராபரணம், நாலாம் நாள் தோடி, அஞ்சாம் நாள் பைரவி. பூஜை லீவுன்னா நீங்க எட்டும் ஒன்பதும்தான் பிடிக்க முடியும். எட்டாம் நாள் நாட்டக்குறிஞ்சி, 'பாஹி ஜனனி'. ஒன்பதாம் நாள் ஆரபி, 'பாஹி பர்வதநந்தினி'. மாமனார்ட்ட இதைச் சொல்லிப் பாருங்க, முட்டி வலி எங்க போகும்னு தெரியாது.

அங்க கைதட்டக் கூடாது. அது சரஸ்வதிக்கு முன்னால பாடுறது, நமக்கு முன்னால இல்லங்கிற கணக்கு. எண்ணெய் விளக்கு வெளிச்சம், மேல் கூரையில ஓசைக்காகக் கவிழ்த்துக் கட்டித் தொங்கவிட்ட மண்பானை. பாட்டு ஒண்ணு தீர்ந்து அடுத்தது தொடங்குறதுக்கு இடையில வர்ற அமைதி இருக்கே, அதுக்காகவே போகலாம். எனக்கு ராகம் கண்டுபிடிக்கத் தெரியாது. கடையில கூட இருந்த பெரியவர் ஒருத்தர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சார், அன்னையில இருந்து பிடிச்ச பழக்கம்.

இன்னொரு விசேஷம் உங்க மகளுக்குச் சொல்லிக் கொடுங்க. அந்த மண்டபத்தில பெண்கள் பாட வழியில்லாமத்தான் காலங்காலமா இருந்தது. 2006ல முதல்முதலா உக்காந்து பாடினவங்க பாறசாலை பொன்னம்மாள். நீங்க பஸ்ல தாண்டிப் போற அதே பாறசாலை. 1924ல பிறந்தவங்க, அப்ப எண்பது வயசு கடந்தாச்சு. 2021ல காலமாயிட்டாங்க. இப்ப பெண்கள் பாடுறது அங்க சாதாரண காரியம்.

உங்க திருவையாத்துப் பக்கத்துக்கும் இந்த மண்டபத்துக்கும் சம்பந்தம் உண்டு. தஞ்சாவூர் நால்வர்னு பேர் எடுத்த இசைக்கார அண்ணன் தம்பிங்க நாலு பேர்ல ஒருத்தரான வடிவேலு சுவாதித் திருநாள் சபையில இருந்தவர். மகாராஜா 1834ல அவருக்கு தந்தத்தில செஞ்ச வயலின் பரிசு கொடுத்தார். மாமனாருக்கு இது தெரிஞ்சிருக்கும்.

இதுக்கு முன்னால, லீவு தொடங்குறதுக்கு முன்னாலயே, ராத்திரி உங்க வாசலுக்கே வருது டீச்சர். அந்த மண்டபத்துச் சரஸ்வதி திருவனந்தபுரத்துச் சாமி இல்ல. பத்மநாபபுரம் அரண்மனைப் பூஜை அறையில இருக்கிற தேவாரக்கட்டு சரஸ்வதி. கம்பர் வச்சுக் கும்பிட்ட விக்கிரகம்னு வழிவழியா சொல்லுவாங்க. திருவிதாங்கூர் ராஜாக்க தலைநகரை பத்மநாபபுரத்தில இருந்து திருவனந்தபுரத்துக்கு மாத்தின பிறகு, வருஷா வருஷம் நவராத்திரிக்கு சாமியை அங்க எழுந்தருளப் பண்ணுறது வழக்கமாச்சு. யானை மேல சரஸ்வதி, பல்லக்கில சுசீந்திரம் முன்னூற்று நங்கை, கூட வேளிமலை குமாரசாமியும் அவரோட வெள்ளிக் குதிரையும். முதல் ராத்திரி தங்குறது குழித்துறை மகாதேவர் கோயிலில. நீங்க இருக்கிற இடத்தில இருந்து நடந்து போகிற தூரம். மறுநாள் எங்க களியக்காவிளையில எல்லை தாண்டும்போது இந்தப் பக்கத்துப் போலீசும் அந்தப் பக்கத்துப் போலீசும் மரியாதை செஞ்சு கைமாத்தி விடுவாங்க. அன்னைக்கு ராத்திரி நெய்யாற்றின்கரை, மூணாம் நாள் திருவனந்தபுரம். 1956ல தமிழ்நாடு, கேரளம்னு எல்லைக்கோடு போட்டாச்சு, சாமி இன்னும் அதே ரோட்டில போய்ட்டு வருது. எங்க ஊர்க்காரங்க ரோட்டோரம் நிலவிளக்கு கொளுத்தி வச்சு, தட்டில பூ எடுத்துக் காத்து நிப்பாங்க. நான் சின்னப் பிள்ளையா இருந்ததில இருந்து அந்த நாள் கடை பூட்டாத வருஷம் இல்ல.

அங்க போனதும் மூணு சாமியும் மூணு இடத்தில. சரஸ்வதி மண்டபத்தில, முன்னூற்று நங்கை செந்திட்டை பகவதி கோயிலில, குமாரசாமி எங்க சாலை பஜாருக்குள்ளயே ஆரியசாலைக் கோயிலில. அந்த ஒன்பது நாளும் சாலையில சாயங்காலம் நடந்து பாருங்க. ராஜா கேசவதாஸ் திவானா இருந்த 18ஆம் நூற்றாண்டில உண்டான கடைத்தெரு அது. வத்தல், மஞ்சள், கருப்பட்டி வாசம் எல்லாம் கலந்து வரும். நிறைய கடையில தமிழ்லயே விலை பேசலாம்.

இனி கச்சேரி முடிஞ்ச எட்டரைக்குப் பிறகு. நேராட்டு ரூமுக்குப் போயிராதீங்க. பத்மதீர்த்தக் குளத்தைச் சுத்தி வாங்க. ஏழு நிலைக் கோபுரம் விளக்கு வெளிச்சத்தில தண்ணியில விழுந்து கிடக்கும், ஜனமும் குறைஞ்சிருக்கும். குளத்துக்கு எதிரே மேத்தன் மணின்னு ஒரு பழைய கடிகாரம், தாடிக்காரன் முகமும் ரெண்டு பக்கம் ஆட்டுக்கிடாவுமா இருக்கும். மணி அடிக்கும்போது அவன் வாயைத் திறப்பான், கிடா ரெண்டும் வந்து கன்னத்தில முட்டும். பிள்ளைக்குக் காட்டுங்க.

சாப்பாடு. மாமனாருக்குக் கோட்டை வட்டாரத்தில சைவக் கடைக்குப் பஞ்சமில்ல, இட்லி தோசை நம்ம கைப்பக்குவத்திலயே கிடைக்கும். கடைசியில போளியும் பாயசமும் கேட்டு வாங்கிக் கொடுங்க. போளியை இலையில பிச்சுப் போட்டு, மேல பாயசத்தை ஊத்தி, கையால பிசைஞ்சு சாப்பிடணும். ஸ்பூன் வேண்டாம். உங்க வீட்டுக்காரருக்கு சாலைக்குள்ள ரஹ்மானியா. கெத்தேல் கடைன்னு கேட்டா எல்லாரும் கை காட்டுவாங்க. 1949ல இருந்து பொரிச்ச கோழிக்கே பேர் எடுத்த கடை. கூட சின்னச் சின்னச் சப்பாத்தி, குடிக்க நாரங்காத் தண்ணி, அதாவது எலுமிச்சைத் தண்ணி. அந்த மொறுமொறுப்புக்காக நாகர்கோவில்ல இருந்து கார் போட்டு வர்றவங்களை எனக்குத் தெரியும். ரொம்பப் பிந்திப் போகாதீங்க. அதுக்கும் மேல பசிச்சா ரோட்டோரத் தட்டுக்கடை இருக்கவே இருக்கு. ரசவடை, தோசைக்கு ஆம்லெட், பால் விடாத கட்டன்சாயா. வெக்கையா இருந்தா ஒரு போஞ்சி, அதுவும் எலுமிச்சை ஜூஸ்தான். நம்ம குலசேகரம், அருமனைப் பக்கத்து ருசிதான், ஆனா அந்த ஊர்க்காரங்க நின்னுக்கிட்டே அரசியல் பேசிச் சாப்பிடுற சுகம் தனி. அதுக்காகவே ஒரு ராத்திரி அங்க சாப்பிடுங்க.

கச்சேரிக்குப் போகாத சாயங்காலம் கனகக்குன்று. மியூசியத்துக்கு அடுத்தாப்புல உள்ள குன்று, மேல பழைய கொட்டாரம், அதாவது அரண்மனை, பக்கத்தில நிஷாகந்தி திறந்தவெளி அரங்கம். ஆறு மணிக்கு மேல ஊரே அங்க நடக்க வரும். கிழவங்க, காலேஜ் பிள்ளைங்க, ஸ்கேட்டிங் பழகுற குழந்தைங்க. பெரிய மரத்தடியில உக்கார்ந்து மாமனார் ஓய்வெடுக்கலாம். அங்க இருந்து மெல்ல நடந்தா தம்பி சொன்ன மானவீயம் வீதி. கவிஞர் வயலார் ராமவர்மா சிலை இருக்கிற சின்னத் தெரு. பல வருஷமாவே சனி ஞாயிறு சாயங்காலம் பாட்டு, நாடகம், கவிதைன்னு கூடுற இடம். 2023ல புதுக்கல் பதிச்சு, சுவரில் படம் எழுதி, ராத்திரி வாழ்க்கைக்குன்னே திறந்து விட்டாங்க. பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாது, போலீஸ் நிக்கும். அதுவும் நல்லதுதான், கிதார் வச்சுப் பாடுற பிள்ளைங்க குரல் அப்பத்தான் காதுக்குக் கேக்கும். நீங்க கேட்ட அந்த அவசரமில்லாத நடைக்கு இதுதான் இடம் டீச்சர். மியூசியம் முதல் வெள்ளையம்பலம், கவடியார் வரைக்கும் நல்ல நடைபாதை, நிழல் மரம், வெளிச்சம்.

தம்பி சொன்ன லுலு மால் பத்தி என் அபிப்பிராயம், அது எந்த ஊரிலயும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். பிள்ளை ஆசைப்பட்டா மத்தியானம் வெயில் நேரத்தில கூட்டிட்டுப் போங்க. ராத்திரியை அதுக்குக் கொடுத்துராதீங்க.

பதில்: கரமனை மாமி

டீச்சருக்கு நமஸ்காரம். நாங்கள் கரமனை அக்ரஹாரத்தில் தலைமுறையாக இருக்கிறோம், பூர்வீகம் திருநெல்வேலி. சாலைக்காரத் தம்பி அழகாகச் சொல்லிவிட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

மண்டபத்துக்கு ஐந்து மணிக்கே போய்விடுங்கோ. நாற்காலியை எதிர்பார்க்கக் கூடாது. உங்காத்துப் பெரியவருக்கு முட்டி வலி என்கிறீர்களே, தூணோ சுவரோ சாய்ந்துகொள்கிற மாதிரி ஓரமாக இடம் பிடித்துக் கொடுங்கோ, ஒரு சின்ன மெத்தைத் துண்டு கையில் இருக்கட்டும். ஆண்களுக்கு வேஷ்டி, உங்களுக்குப் புடவை, பெண்ணுக்குப் பாவாடை. கோயிலுக்குள்ளும் போவதானால் ஆண்கள் சட்டை இல்லாமல்தான் போகணும். சுடிதார் போட்டு வந்தால் மேலே ஒரு முண்டு சுற்றிக்கொள்ளச் சொல்வார்கள், வாசலில் கிடைக்கும். மொபைலும் பையும் வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகணும். சாயங்கால தரிசனத்தையும் கச்சேரியையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டுமே அரைகுறையாகப் போய்விடும்.

பயம் பற்றிக் கேட்டீர்கள். 2019 டிசம்பர் 29ஆம் தேதி, நிர்பயா நினைவு நாளன்று, 'பொதுவிடம் எனதும்' என்று அரசாங்கமே பெண்களை ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவில் நடக்கக் கூப்பிட்டது. நானும் என் நாட்டுப்பெண்ணும் போனோம். பிறந்து வளர்ந்த ஊரில் அந்த வேளையில் நான் நடந்தது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் நிறைய மாறியிருக்கிறது, இன்னும் மாறணும். கனகக்குன்று, மானவீயம், கோட்டை இவற்றில் குடும்பத்தோடு பத்து, பத்தரை வரைக்கும் நிம்மதியாக இருக்கலாம். சங்குமுகம் கடற்கரையில் இருட்டின பிறகு விளக்கு இருக்கிற பக்கத்தை விட்டு மணலில் தூரம் போக வேண்டாம். பெண்களுக்கான பிங்க் போலீஸ் எண் 1515, மொபைலில் போட்டு வைத்துக்கொள்ளுங்கோ. ராத்திரி பத்து முதல் காலை ஐந்து வரை ஆட்டோவுக்கு ஒன்றரைப் பங்கு கட்டணம், அது சட்டப்படிதான், சண்டை போட வேண்டாம்.

அடுத்த தடவை மாசி மாதம் ஆற்றுக்கால் பகவதி கோயில் பொங்காலைக்கு வாருங்கள், பெண்கள் தெருவிலேயே அடுப்பு மூட்டி அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற விசேஷம். பொங்காலை பகலில்தான், ஆனால் முந்தின ராத்திரியைப் பார்க்கணும். தம்பானூரிலிருந்து ஆற்றுக்கால் வரைக்கும் ரோட்டோரம் முழுக்கச் செங்கல் அடுப்புக் கூட்டி, பக்கத்திலேயே பாய் விரித்துப் பெண்கள். உங்கள் மார்த்தாண்டத்திலிருந்தே எத்தனை பேர் வருகிறார்கள்! 2009ல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸில் எழுதினார்கள். அந்த அம்மன் மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி என்பது ஐதீகம். உற்சவ நாட்களில் கோயிலில் தோற்றம்பாட்டு பாடுவார்கள், முழுக்கக் கண்ணகி கதை. பாண்டியன் வீழ்கிற இடம் பாடி முடிந்த பிறகுதான் பொங்காலை அடுப்பில் தீ. அந்த ராத்திரி ஒரு பெண்ணுக்கு இந்த ஊரில் எங்கே உட்கார்ந்தாலும் பயம் என்பதே இல்லை. யாரோ ஒருத்தி தண்ணீர் தருவாள், யாரோ ஒருத்தி நம் குழந்தைக்கு விசிறுவாள்.

பதில்: பைக் மக்கா

அண்ணாச்சி, நாங்க கூட்டுக்காரன்மார் நாலு பேர். பாட்டெல்லாம் சரி, கோவளம் ராத்திரி எப்படி, பார் எத்தனை மணி வரைக்கும்? அதையும் சொல்லிடுங்க.

பதில்: சாலைக்காரன்

தம்பி, கேரளத்தில பார் ராத்திரி பதினொரு மணியோட சரி. 23 வயசு திகையாதவனுக்குக் கொடுக்கக் கூடாது. ஒண்ணாம் தேதி கடை கிடையாது. ரோட்டிலயோ பீச்சிலயோ வச்சுக் குடிச்சா கேஸ். குடிச்சுட்டு அந்த பைபாஸில பைக் எடுக்கிறது மட்டும் வேண்டாம். அந்த ரோட்டில போன பிள்ளைங்க வீட்டுக்கு நான் துஷ்டி கேக்கப் போயிருக்கேன்.

கோவளம் நல்லா இருக்கும். லைட்ஹவுஸ் பீச்சில பொழுது சாயும்போது போயிருங்க. 1972ல கட்டின கலங்கரை விளக்கம் சுத்தத் தொடங்கும். கடையோரம் ஐஸ் மேல மீனைப் பரப்பி வச்சிருப்பாங்க, நீங்க காட்டுற மீனை எடுத்துப் பொரிச்சுத் தருவாங்க. எடை போட்டு விலை பேசிட்டுப் பிறகு உக்காருங்க. தெற்கே பாத்தா விழிஞ்ஞம் துறைமுகம். 2025 மே மாசம் முறையாத் திறந்தாச்சு. பெரிய பெரிய கண்டெய்னர் கப்பல் விளக்கெல்லாம் போட்டு நிக்கும், ஒரு ஊரையே கடலில கொண்டு நிறுத்தினாப்புல. மீன்பிடிக் குப்பத்துக்கும் அந்தத் துறைமுகத்துக்கும் உள்ள வழக்கு பெரிசு, அதை இங்க பேசினா தீராது. இருட்டின பிறகு கடல்ல இறங்காதீங்க, அந்த இடத்து அலை இழுக்கிற அலை.

உங்களைப் போல சின்னப் பையங்களுக்கு நான் சொல்லுற தேதி டிசம்பர். திரைப்பட விழா நடக்கிற அந்த ஒரு வாரம் ஊரில யாருமே தூங்க மாட்டாங்க. டாகூர் தியேட்டர் வாசல்ல பாட்டு, வரிசையில நின்னு வாக்குவாதம், நிஷாகந்தியில ஆகாசத்துக்குக் கீழ பாதிராத்திரிப் படம். பாஸ் எடுக்க முன்கூட்டியே பதிவு செய்யணும்.

இன்னொண்ணு, சாமியை நீராட்டுற ஆறாட்டு. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசாமியை சங்குமுகம் கடலுக்குக் கொண்டு போவாங்க. ராஜ குடும்பத்துப் பெரியவர் உடைவாளோட கூட நடப்பார். ஊர்வலம் போற பாதை விமான நிலையத்து ரன்வே வழியாத்தான். விமானம் வர்றதுக்கு முன்னாலயே சாமி நடந்த பாதை. அதனால அன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணி நேரம் அளவுக்கு ஒரு விமானமும் ஏறாது, இறங்காது. திரும்பி வர்றது ராத்திரியில, தீவட்டி வெளிச்சத்தில. யானை, குதிரைப் போலீஸ், பின்னால வாளும் கேடயமும் எடுத்த ஆளுங்க. ஆறாட்டைப் பாக்காதவன் இந்த ஊர் ராத்திரியைப் பாத்ததாட்டு நான் ஒத்துக்க மாட்டேன். பீமாபள்ளி தர்காவில நடக்கிற உரூஸ் சந்தனக்குடமும் அப்படித்தான், பத்து நாள் கடற்கரை முழுக்க விளக்கும் கடையும்.

கேட்டவர்: திருவையாறு டீச்சர்

அண்ணா, மாமி, தம்பி எல்லாருக்கும் மனசார நன்றி. மாமனாரிடம் வாசித்துக் காட்டினேன். நாட்டக்குறிஞ்சி என்றதும் எழுந்து போய்த் தன் வேஷ்டியை எடுத்து வைத்துவிட்டார். மகள் பாறசாலை பொன்னம்மாள் பாட்டைத் தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். குழித்துறைக்கு இந்த வருஷம் நிச்சயம் போவோம்.

இரண்டு சந்தேகம். ரூம் எந்தப் பக்கம் எடுக்கலாம்? நவமி கச்சேரி கேட்ட பிறகு அன்று ராத்திரியே மார்த்தாண்டம் திரும்ப முடியுமா, இல்லை மறுநாள்தான் நல்லதா?

பதில்: சாலைக்காரன்

ரூம் தம்பானூருக்கும் கிழக்கே கோட்டைக்கும் இடையில எடுங்க டீச்சர். ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, சாலை, கோயில் எல்லாம் கைக்கெட்டும், மாமனாருக்கு ஆட்டோ கூட வேண்டி வராது. கோவளத்தில எடுத்தா கச்சேரி முடிஞ்சு போக்குவரத்துக்கே நேரம் போயிரும். தம்பானூர்ல லாரி பேக்கர் கட்டின இந்தியன் காபி ஹவுஸ் இருக்கு, பஸ் ஸ்டாண்டை ஒட்டி, சங்கு போல சுத்திச் சுத்தி மேல ஏறுற கட்டடம். பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்கும். தலைப்பாகை கட்டினவங்க வந்து காபியும் பீட்ரூட் போட்ட மசால்தோசையும் வைப்பாங்க. ஆனா ஏறுற தளம் முழுக்கச் சரிவு, மாமனாரைக் கீழேயே உக்கார வைங்க.

அன்னைக்கு ராத்திரியே திரும்ப வேண்டாம். ரோடு வழியா நாற்பது கிலோமீட்டர் அளவுதான், பஸ் கிடைக்கும், ஆனா பூஜை லீவுக் கூட்டத்தில பெரியவரை நிக்க வைக்கணுமா? விஜயதசமி காலையில குமாரசாமி ஆரியசாலையில இருந்து பூஜப்புரைக்குப் பள்ளிவேட்டைக்கு, அதாவது சாமி வேட்டையாடுற சடங்குக்கு, புறப்படுவார். அதைச் சாலையில நின்னு கும்பிட்டுட்டு, சாவகாசமா ரயில் ஏறிக் குழித்துறையில இறங்குங்க. டிக்கெட் எடுக்கும்போது பேர் பாத்துக்கிடுங்க. கொச்சுவேளி ஸ்டேஷன் இப்ப திருவனந்தபுரம் நார்த், நேமம் திருவனந்தபுரம் சவுத். உங்களுக்கு வேண்டியது சென்ட்ரல்.

பூஜை வைக்கிற நாளில பிள்ளை புஸ்தகத்தை வீட்டில சாமி முன்னால வச்சுட்டுத்தான் வருவா, அதனால ராத்திரி வீட்டுப்பாடம் கிடையாது. அவளைச் சீக்கிரம் படுக்கச் சொல்லாதீங்க. நான் அந்த ரெண்டு நாளும் சாயங்காலம் ஆரியசாலைக் கோயில் பக்கம்தான் இருப்பேன். ரஹ்மானியாவுக்கு வழி தெரியலன்னா அங்க எந்தக் கடையில கேட்டாலும் சொல்லுவாங்க.